வாளியில் வராத ஈரல்

மஸ்விங்கோ
8 மே 1993

தம்பி தருவிங்காவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம் என்று எழுதுவது நம் வழக்கம். எழுதிவிட்டேன். ஆடுகள் நலமா? அவற்றை மட்டும் உண்மையாகவே விசாரிக்கிறேன்.

நம் ஊர் சிவியிலிருந்து நேற்றைய பேருந்தில் நீ ஏற்றிவிட்ட வாளி வந்தது. இரண்டு தலை, எட்டுக் கால், இரைப்பை, குடல், நுரையீரல், சுவரொட்டி எல்லாம் சரி. ஈரலைத்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டுக்கும் சேர்த்து ஒரு ஆட்டின் ஈரல் அளவுகூட இல்லை.

மற்ற நாட்களில் நான் மாட்டுக்குடல் வாங்கிச் சமைத்துக் களியோடு விற்கிறேன். அதை இந்தப் பேருந்து நிலையத்தில் ஏழு பெண்கள் விற்கிறார்கள். சனிக்கிழமை மட்டும்தான் ஓட்டுநர்கள் என் சட்டியைத் தேடி வருகிறார்கள், ஆட்டு ஈரலுக்காக. இன்று புலவாயோ வண்டி ஓட்டும் ஹோவே தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆட்டைக் கேட்டா கோழியை அறுத்துட்டியா?" என்றான். பக்கத்துக் கடைக்காரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். என் கல்யாணத்துக்குப் பரியமாகப் பதினோரு ஆடுகள் வந்தன. அதிலிருந்து கொடுத்துத்தான் உனக்குப் பெண் எடுத்தோம். மிச்சம் பெருகி உன் மந்தையானது. அப்பா சாகுமுன் சொன்னார்: அறுக்கிற ஆட்டில் தோலும் இறைச்சியும் தருவிங்காவுக்கு, தலையும் காலும் வயிற்றுக்குள் இருப்பதெல்லாமும் செகேசாய்க்கு. என் புருஷன் போனபின் மூன்று பிள்ளைகளும் அந்த வாளியை நம்பித்தான் பள்ளிக்கூடம் போகின்றன. ஈரல் ஏன் குறைந்தது என்று எழுது.

அக்கா,
செகேசாய்

*

சிவி
27 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை. நீ நினைப்பதுபோல நான் இப்போது வெறும் ஆட்டுக்காரன் இல்லை. போன வருஷ வறட்சிக்குப் பிறகு தீவனத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதிகாரி முசேகிவா இந்த வட்டாரத்திலேயே என்னைத்தான் மாதிரி விவசாயியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆடுகள் பகலில் மேய்ச்சலுக்குப் போகும். திரும்பி வந்ததும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளத் தவிடு, உலர்த்தி இடித்த வேலங்காய் மூன்றையும் அளந்து கலந்து வைக்கிறேன். ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண் உண்டு.

இப்படித் தீனி தின்கிற ஆட்டுக்குச் சத்தெல்லாம் தொடையிலும் முதுகிலும் சதையாக ஏறிவிடுகிறது. உள்ளுறுப்பு சிறுத்துப்போகிறது. இது விஞ்ஞானம். ஏழாம் வகுப்போடு நின்ற உனக்கு இதைக் கடிதத்தில் விளக்குவது சிரமம். ஹோவே மாதிரி ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டு என்னைச் சந்தேகப்படாதே. காலம் மாறுகிறது, ஈரலும் மாறும்.

அன்புத் தம்பி,
தருவிங்கா

*

மஸ்விங்கோ
2 ஜூன் 1993

விஞ்ஞானி தம்பிக்கு,

நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது, அது இன்னும் தீவனத் திட்டத்தில் சேரவில்லை.

ஏழாம் வகுப்போடு நின்றவள் பதினான்கு வருஷமாக ஆட்டின் உள்ளுறுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். உன் அதிகாரி எத்தனை வருஷமாகத் தொடுகிறார்? நீ சொன்னதில் ஒன்று உண்மை. இரைப்பை முன்பைவிடக் கொஞ்சம் சிறிதாகத்தான் வருகிறது. காய்ந்த புல்லைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்த ஆடு தவிடு தின்றால் வயிறு ஒட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வார வாளியில் சிறுநீரகத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு இருந்தது. சிறுநீரகத்துக்குக் கொழுப்பைப் பூசி அனுப்புகிற ஆடு ஈரலை மட்டும் பட்டினி போடுமா?

இன்னொன்று. சிறுத்துப்போன ஈரலின் ஓரம் மெலிந்து வழவழவென்று இருக்கும். நீ அனுப்பியதில் ஒரு பக்கம் செங்கல் மாதிரி நேராக இருந்தது. அப்படி ஓரம் வருவது கத்தியால்தான். விஞ்ஞானத்துக்குக் கத்தி பிடிக்கத் தெரியும் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டேன். மிச்சப் பாதி எங்கே?

செகேசாய்

*

மஸ்விங்கோ
10 ஜூலை 1993

தருவிங்கா,

உயிரோடு இருக்கிறாய் என்று வாளியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கடிதம் இல்லை.

நேற்று வந்த வாளியில் ஈரல்குலையே இல்லை. ஈரலும் இல்லை, இதயமும் இல்லை. நுரையீரல் மட்டும் அனாதையாகக் கிடந்தது. இன்று ஹோவே என் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தான். அவன் பின்னால் நாலு பேர் போனார்கள். பையன்களின் பள்ளிச் சட்டை வாங்குவது அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போயிற்று.

நாம் சிங்கக் குலம். ஈரல்குலையைக் கவ்விக்கொண்டு புதருக்குப் பின்னால் ஓடுவது சிங்கமா, வேறு ஏதாவது பிராணியா என்று நீயே யோசித்துச் சொல்.

செகேசாய்

*

சிவி
30 ஜூலை 1993

அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நலம். உன்னிடமிருந்து இப்படிப்பட்ட கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், நீ சொல்ல வைத்துவிட்டாய். எஸ்னாத் ஆறு மாத கர்ப்பம். ரத்தம் மிகவும் குறைவாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா பிரசவத்துல தாங்க மாட்டா, ஈரல் குடுங்க" என்று என்னிடமே சொன்னாள். அதனால் அறுக்கிற ஆட்டின் ஈரல்குலை முழுவதையும், ஈரல், இதயம் எல்லாவற்றையும், உப்புப் போட்டு வேகவைத்து அவளுக்குக் கொடுக்கிறேன். பாவம், ஒரு துண்டு விடாமல் சாப்பிடுகிறாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரியின் தட்டிலிருந்து ஈரலைப் பிடுங்கி ஓட்டுநர்களுக்கு விற்க வேண்டுமா? முடிவு உன் மனசாட்சிக்கு.

தருவிங்கா

*

மஸ்விங்கோ
5 ஆகஸ்ட் 1993

தருவிங்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதை மறைக்கமாட்டேன். எஸ்னாத்துக்கும் எனக்கும் ஆகாது. மணமகளாக வந்த அன்று எல்லாரும் பார்க்க என் முன்னால் மண்டியிட மறுத்தவள் அவள். ஆனாலும் வயிற்றில் இருப்பது நம் குலத்துப் பிள்ளை. சரி, ஈரல் போகட்டும் என்று அடுப்பைப் பற்றவைக்க எழுந்தேன். மறுபடி உட்கார்ந்து கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன்.

இதயத்தையும் சாப்பிடுகிறாளா? ஒரு துண்டு விடாமலா?

எட்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறாய். அவள் மோயோ, இதயக் குலம். அவளைப் பெற்றவனும் அவன் பாட்டனும் எந்தப் பிராணியின் இதயத்தையும் வாயில் வைத்ததில்லை, வைத்தால் பல் கொட்டும் என்பார்கள். உன் கல்யாண விருந்தில் அவள் வீட்டார் பந்திக்கு இதயத்தை எடுத்துவிட்டுப் பரிமாறியது நான்தான். என்னைப் பிடிக்காதவள் மண்டியிடாமல் நிற்பாள், இதயத்தைத் தின்னமாட்டாள். பொய் சொல்லும் அவசரத்தில் பெண்டாட்டியின் குலத்தையே மறந்திருக்கிறாய். சந்தையில் தோல் திருடி மாட்டிக்கொள்கிறவன்கூட உன்னைவிட யோசித்துப் பேசுகிறான்.

இனி உன்னிடம் கேட்கப்போவதில்லை.

செகேசாய்

*

மஸ்விங்கோ
5 ஆகஸ்ட் 1993

சிவியில் இருக்கும் தம்பி பெண்டாட்டிக்கு,

நலம். நலமறிய எழுதுகிறேன்.

என் தம்பி எழுதியிருக்கிறான், வீட்டில் அறுக்கும் ஆட்டின் ஈரல்குலையை நீ சாப்பிடுவதாக. ஆமாமா, இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். ஆமாம் என்றால் என் பங்கை யாரைக் கேட்டு எடுத்தாய் என்பதையும் எழுது. பதிலைப் பேருந்து நடத்துனரிடம் கையில் கொடுத்து அனுப்பு, வீட்டில் வைக்காதே.

செகேசாய்

*

சிவி
29 ஆகஸ்ட் 1993

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தங்களும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று நாள் படுத்திருந்ததால் பதில் தாமதம். மன்னிக்கவும்.

இல்லை. இந்த வருஷம் நான் ஒரு துண்டு ஈரலையும் பார்க்கவில்லை. பார்த்ததென்றால் அதிகாரி முசேகிவாவின் தராசில்தான். வெள்ளிக்கிழமை அவர் சைக்கிளில் வருகிறார். ஆடு அறுத்ததும் உங்கள் தம்பி ஈரல்குலையை எடுத்துத் தராசில் வைக்கிறார். அதிகாரி எடையைக் குறித்துக்கொண்டு, பொருளைக் காகிதத்தில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொள்கிறார். முதலில் பாதி போதும் என்றார். ஜூன் கடைசியில் முழுசாகக் கேட்டார். பதிலுக்குப் பிண்ணாக்கு மூட்டையும் மாதிரி விவசாயி என்ற பெயரும். போன மாதம் நான் ஒரு துண்டு கேட்டேன். உங்கள் தம்பி, "ஆராய்ச்சிப் பொருள்ல கை வைக்காதே, அதோட அருமை உனக்கென்ன தெரியும்" என்றார். அதிகாரி அதை வெங்காயத்தோடு பொரித்துத் தின்கிறார் என்பது அவர் வீட்டு வேலைக்காரி சொல்லி ஊருக்கே தெரியும்.

ஆடு குளிப்பாட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் எழுதியிருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"மேய்ச்சலோடு கூடுதல் தீவனம் பெற்ற ஆடுகளின் ஈரல், மேய்ச்சல் மட்டும் பெற்ற ஆடுகளின் ஈரலைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் அதிகம். இதயமும் கனம் அதிகம். மாதிரி விவசாயி: தருவிங்கா."

ரத்தம் குறைவு என்று அவர் எழுதியிருந்தால் அது மட்டும் உண்மை. நர்ஸ் சொன்னதும் உண்மை. எழுந்து நடந்தால் கண் இருட்டுகிறது.

எஸ்னாத்

*

மஸ்விங்கோ
3 செப்டம்பர் 1993

மாதிரி விவசாயி தருவிங்காவுக்கு,

உன் நலத்தை விசாரிக்கவில்லை.

தீவனம் தின்றால் ஈரல் சிறுக்கும் என்று எனக்கு எழுதினாய். தீவனம் தின்றதால் ஈரல் பெருத்தது என்று ஊர்ப் பலகையில் உன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் சிரிக்கக்கூட இல்லை. உனக்காகச் சிரிப்பதுகூட வீண் செலவு. ஒரு பிண்ணாக்கு மூட்டைக்காக, ஒரு பலகையில் நாலு எழுத்துக்காக, அக்காவின் பங்கை அடுத்தவன் பையில் போட்டவனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த வசவுகள் எல்லாம் உன்னைவிட மரியாதையானவை.

தீனி நல்ல தீனிதான். தொடர்ந்து போடு. பெருத்தது என் பங்கு, அதைத்தான் கேட்கிறேன்.

என் பரியத்தில் குடும்பம் நடத்துகிறவன் நீ. உன் வீட்டுக்குள் வந்து உத்தரவு போட எனக்கு உரிமை உண்டு என்பது உனக்குத் தெரியும். வந்தால் அடுப்பிலிருந்து பானையை இறக்கி, உன் வீட்டுச் சமையலையே நிறுத்திவிட்டுப் பேசுவேன் என்பதும் தெரியும். அதனால் கடிதத்திலேயே முடித்துக்கொள். அடுத்த வெள்ளி முதல் கழுத்தை அறுப்பதோடு உன் வேலை முடிந்தது. ஆட்டின் வயிற்றில் உன் கை படக்கூடாது. வயிற்றைத் திறப்பது எஸ்னாத். நீ வாளியைப் பிடி. ஈரலும் இதயமும் முழுசாக என் வாளியில் வரவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் குலத்துப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மந்தையை அவிழ்த்து ஓட்டிப்போவேன்.

செகேசாய்

*

சிவி
20 செப்டம்பர் 1993

அக்காவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை.

நீ நினைத்தது நடந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து தராசை வைத்தார். எஸ்னாத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நல்லா எடை போட்டுக்குங்க சார். போட்டு முடிச்சதும் வாளியிலயே வச்சிருங்க" என்றாள். வேலிக்கு வெளியே பத்துப் பேர் நின்றார்கள். அவர் தராசை மடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பலகையில் என் பெயர் இல்லை. பிண்ணாக்கு மூட்டையும் வராது. இனி வேலங்காயும் தவிடும்தான், அதையும் நானே தேட வேண்டும். பெண்டாட்டி ஆட்டு வயிற்றைக் கிழிக்க, ஆம்பளை வாளி பிடிக்கிறான் என்று கள்ளுக்கடையில் பேசிச் சிரிக்கிறார்கள்.

என்னை ஒரு அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஏழு மாதம்தான். அதை நீ கெடுத்துவிட்டாய். ஈரல் ஈரல் என்று எழுதுகிறாயே, தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதினாயா?

தருவிங்கா

*

சிவி
8 அக்டோபர் 1993

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிறேன். தங்கள் முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதம் வாளியோடு வருகிறது. வாளியில் இரண்டு இதயம் இருக்கும், ஈரல் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை.

என் ரத்தம் குறைவு, கண் இருட்டுகிறது என்று உங்களுக்கு எழுதினேன். அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உங்கள் தம்பிக்கு எழுதினீர்கள், ஈரல் முழுசாக வாளியில் வரவேண்டும், ஒரு துண்டு குறையக்கூடாது என்று. உங்கள் கடிதங்களை அவர் மேசையில் போட்டுவைக்கிறார், எல்லாவற்றையும் படித்தேன். என் பங்கு, என் பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பங்கு வாளிக்குள் எப்படி வருகிறது என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.

உங்கள் தம்பி குடலையும் இரைப்பையையும் புல்லில் வீசிவிட்டு இறைச்சியை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் கிணறு வற்றி இரண்டு வருஷமாகிறது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்து வருவது நான். குடலைப் புறம் திருப்பி, சாணத்தைப் பிதுக்கி, மூன்று தண்ணீரில் அலசி, இரைப்பையைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி அனுப்புவது நான். எட்டு வருஷமாக. மூத்தவன் பிறந்த நாலாம் நாளே அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். அன்று உங்களிடமிருந்து குழந்தை என்ன நிறம் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. வாளி தாமதம் என்றும் அதில் இருந்தது.

உங்களுக்கு முன்னால் நான் மண்டியிடவில்லை என்பது சரிதான். இன்னொரு முறை அந்த நாள் வந்தாலும் மாட்டேன். மந்தையை ஓட்டிப்போக வேண்டுமென்றால் வாருங்கள். கழுவுவதற்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எஸ்னாத்

*

மஸ்விங்கோ
9 அக்டோபர் 1993

எஸ்னாத்துக்கு,

நீ எழுந்து நடக்கிறாயா? கண் இருட்டுவது குறைந்திருக்கிறதா? இதை ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வாளி வந்தது. ஈரல் ஒன்றுதான் என்று பார்த்ததும் கோபம் தலைக்கு ஏறியது. உன் கடிதத்தைப் படித்தபின் கோபம் இன்னும் ஏறியது. நான் மோசமான பதில் எழுதுவதில் கெட்டிக்காரி, உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் எழுதினேன். அதற்குள் சனிக்கிழமைக் கூட்டம் வந்துவிட்டது, எழுந்து குடலை ஜடையாகப் பின்ன ஆரம்பித்தேன். பின்னும்போது இன்றைக்குத்தான் அதைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு மணல் இல்லை. என் சட்டியில் சாப்பிட்ட எவனுக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு மணல் பல்லில் கடிபட்டதில்லை. அது என் கைப்பக்குவம் என்று இந்த நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் மாமனார் பங்கு பிரித்தபோது கழுவுவது யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால். உன் புருஷனைத் திட்டி எழுதிய வசவில் பாதி எனக்கும் சேரும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுதிய பக்கத்தை அடுப்பில் போட்டேன். ஹோவே வந்தான். ஈரல் பாதி வியாபாரத்திலேயே தீர்ந்ததைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை யார் தின்றது என்று கேட்டான். "கழுவுனவ தின்னுட்டா" என்றேன். அவன் குடல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பிரசவம் வரை இரண்டு ஈரலையும் எடுத்துக்கொள். அதன் பிறகு ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. தருவிங்காவைத் தண்ணீர் சுமக்கச் சொல், நான் சொன்னதாகச் சொல். இந்த மாதம் முழுக்க நீ கல்லின் முன்னால் உட்கார வேண்டாம். அடுத்த வெள்ளி முதல் பேருந்து எனக்குக் குடலைக் கழுவாமலே கொண்டுவரட்டும், இங்கே குழாயில் தண்ணீர் வருகிறது.

செகேசாய்